ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன்: வகுப்பறைக்கு எந்த டிஜிட்டல் கருவியை முதலில் கற்றுக்கொள்வது?

வகுப்புவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பாடம் கணிதம். அடுத்து நடுநிலை வகுப்புகளில் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது.

எங்களுக்கு டிஜிட்டல் கருவிகளுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. ஜியோஜீப்ரா, கஹூட், பேட்லெட், மென்டிமீட்டர், கூகுள் கிளாஸ்ரூம், எச்5பி என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறை வகுப்பு. கணக்கு தொடங்கி, மாதிரிக்கு ஒன்று செய்து காட்டியதும் அடுத்த கருவிக்குப் போய்விடுவோம். கோட்பாட்டுப் பகுதியில் டிபேக் வட்டங்களையும் (பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் சேரும் இடத்தைக் காட்டுவது) சாமர் மாதிரியின் நான்கு படிகளையும் (தொழில்நுட்பம் பாடத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்ப்பது) கேட்பார்கள். அதெல்லாம் எழுதிவிடுவேன். நாளைக்கு ஒரு வகுப்பு முன்னால் நிற்கும்போது இதில் எதைத் திறப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

நான் போகும் வகுப்பில் ஒரு புரொஜெக்டர் உண்டு. லேப்டாப்பும் போனும் என்னுடையவை. பிள்ளைகள் கையில் எந்தச் சாதனமும் இருக்காது. நெட் சில நேரம் வரும், சில நேரம் வராது.

எந்தக் கருவியை முதலில் ஆழமாகக் கற்பது? வகுப்புக்குப் போகுமுன் அதை எப்படிப் பழகுவது? நடுவில் ஏதாவது நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இருசமபக்கம்:

நல்ல கேள்வி. நானும் கணக்கு டீச்சர்தான், அதனால் நம் பாடத்திலிருந்தே சொல்கிறேன்.

கருவிப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நடத்தப்போகும் பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று முதலில் எழுதுங்கள். தசம எண்களை எடுத்துக்கொள்வோம். "0.4, 0.57, 0.125 இவற்றில் எது பெரியது?" என்று கேட்கிறீர்கள். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினால் எண் பெரியது என்று நினைக்கும் பிள்ளை 0.125 என்று சொல்லும். அதன் கண்ணுக்கு 125 தெரிகிறது. பத்தில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்று சின்னது என்பதைப் பாதி பிடித்துக்கொண்ட பிள்ளை, இலக்கம் குறைந்ததுதான் பெரியது என்று முடிவு கட்டி 0.4 என்று சொல்லும். சரியான விடை 0.57. யார் எதைச் சொன்னார்கள் என்று பார்த்தாலே அவரவர் மனதில் ஓடுவது தெரிந்துவிடும்.

இப்போது எண்களை 0.5, 0.35, 0.125 என்று மாற்றுங்கள். இலக்கம் குறைந்ததே பெரியது என்று நம்பும் பிள்ளையும் 0.5 என்று சரியாகச் சொல்லிவிடும். திரையில் பச்சை டிக் விழும், நீங்களும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். ஆபத்து அந்தப் பச்சை டிக்கில்தான் இருக்கிறது. உலகத்தில் உள்ள எந்த க்விஸ் செயலியும் இந்த வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்லித் தராது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் பிள்ளைகளின் இந்தத் தசமக் குழப்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். தேடிப் படியுங்கள், பத்துச் செயலி கற்பதைவிடப் பலன் தரும்.

இப்படி ஒரு கேள்வி கையில் வந்த பிறகு கருவி தானாக முடிவாகும். முப்பது நாற்பது பேரின் விடையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், பிள்ளைகளிடம் சாதனம் இல்லை என்றால் ப்ளிக்கர்ஸ் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறதோ அதுதான் அதன் விடை. உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் போதும், யார் எந்த விடை என்று போனில் வந்துவிடும். அட்டையில் எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் போடுவதும் கஷ்டம்.

அலைநீளம்:

இருசமபக்கம் டீச்சர் சொன்னதற்கு இயற்பியல் பக்கத்திலிருந்து வலு சேர்க்கிறேன்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991-இல் தன் இயற்பியல் வகுப்பை மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்கம், பிறகு ஒரு கருத்துக் கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை தர வேண்டும். சரியான விடை சுமார் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார். பிறகு அதே கேள்விக்கு மறுபடி வாக்கு. 30-க்குக் கீழே போனால் மறுபடி விளக்குவார், 70-க்கு மேல் போனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்வார். இதற்குப் பின்னால்தான் கையில் பிடிக்கும் வாக்குக் கருவிகள் பெரிதாகப் பரவின.

அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். மின்னணு வாக்குக் கருவி வைத்து இம்முறையில் நடத்திய வகுப்பையும், வெறும் காகித அட்டையைத் தூக்கிக் காட்டி இதே முறையில் நடத்திய வகுப்பையும் நதானியேல் லாஸ்ரி ஒப்பிட்டு 2008-இல் எழுதினார். கற்றலில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. யோசிக்க வைத்ததும் வாதாட வைத்ததும்தான் வேலை செய்திருக்கின்றன.

அப்படியானால் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். அட்டையைக் கீழே போட்டதும் விடை மறைந்துவிடுகிறது. கருவியில் அது பதிவாக இருக்கிறது. சாயங்காலம் உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் யார் யார் ஒரே தவறான விடையைத் தேர்ந்தார்கள் என்று பார்த்து மறுநாள் பாடத்தை மாற்றலாம். பயிற்சியில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. நடத்திக்கொண்டிருக்கும்போது எல்லா முகத்தையும் வாசிக்கும் பழக்கம் வர நாளாகும்.

அறிவியலுக்கு வந்தால் நான் ஃபெட் பாவனைகளை, அதாவது திரையில் அசைத்துப் பார்க்கும் செயற்கைச் சோதனைகளை, விடமாட்டேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, இலவசம். மின்சுற்றுப் பாடத்தில் "பல்ப் வழியாகப் போகும்போது மின்னோட்டம் செலவாகிவிடும்" என்று பிள்ளைகள் நம்புவார்கள். நிஜ கம்பியில் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட வழியில்லை. பாவனையில் பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதைப் பார்க்கிறார்கள். பிறகு அம்மீட்டரை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கச் சொன்னால் வாய் பிளப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வேண்டிய இடத்தில் கருவிக்கு ஈடு இல்லை.

சாக்பீஸ்:

எதிர்க்கட்சியாக ஒருவராவது வேண்டும், அது நானாக இருக்கட்டும்.

தம்பி தங்கைகள் பயிற்சிக்கு வந்தால் முதலில் நான் பார்ப்பது கரும்பலகையைத்தான். எழுத்து நேராக வருகிறதா, எதை அழிக்காமல் ஓரத்தில் விட வேண்டும் என்று தெரிகிறதா, எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் நிற்க முடிகிறதா. கணக்கில் ஒரு படி எழுதி, நிறுத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, அடுத்த படி எழுதும் வேகம் இருக்கிறதே, அதுதான் பிள்ளை யோசிக்கும் வேகம். ஸ்லைடில் ஐந்து படியும் ஒன்றாக வந்து விழுகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

திரைகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் 15 வயது மாணவர்களிடம் பல நாடுகளில் ஓஇசிடி என்ற நாடுகளின் கூட்டமைப்பு நடத்தும் பீசா ஆய்வில், 2022-இல், கணித வகுப்புகளில் சிலவற்றிலாவது டிஜிட்டல் சாதனங்களால் கவனம் சிதறுவதாக ஓஇசிடி நாடுகளில் சராசரியாக 65 சதவீத மாணவர்கள் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். 2013-இல் கனடாவில் செய்த ஒரு பரிசோதனையில், வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் மட்டும் குறையவில்லை. அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது. தான் எதையும் தொடாத பிள்ளை பாதிக்கப்படுகிறது என்றால் அதற்கு யார் பொறுப்பு?

வகுப்புவாசல், உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கையில் சாதனம் இல்லை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வகுப்புவாசல்:

மூவருக்கும் நன்றி. தசம எண் கேள்வியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சாக்பீஸ் ஐயா, கரும்பலகைப் பயிற்சி எங்களுக்கும் உண்டு. நீங்கள் சொன்ன அந்த "நிறுத்தி முகம் பார்ப்பது" புரொஜெக்டரோடு சேர்ந்து வருமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. ஜியோஜீப்ராவை நான் திரையில் ஓட்டினால் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பவர்களாக ஆகிவிட மாட்டார்களா? இருசமபக்கம் அக்கா, ஒரே திரையை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

இருசமபக்கம்:

தாராளமாக.

ஜியோஜீப்ரா 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்டரின் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. வடிவியலும் இயற்கணிதமும் ஒரே திரையில், ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும் என்பதுதான் அதன் உயிர். அழகாகப் படம் வரைய மட்டும் அதைப் பயன்படுத்தினால் காம்பஸும் ஸ்கேலுமே போதும்.

நான் சதுரத்தில் தொடங்குவேன். திரையில் கண்ணளவாக நான்கு புள்ளி வைத்து ஒரு சதுரம் வரைகிறேன். பார்க்கச் சதுரம்தான். "இது சதுரமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுக்கப் போவதாகச் சொல்கிறேன். இழுக்குமுன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன். "இழுத்தால் என்ன ஆகும்? நோட்டில் வரையுங்கள்." எல்லோரும் வரைந்து முடிக்கும்வரை திரை அசையாது. பிறகு இழுக்கிறேன். சதுரம் கோணல்மாணலாகிவிடுகிறது.

அடுத்து முறையாகக் கட்டியது. ஒரு கோட்டுத்துண்டு, அதன் இரண்டு முனையிலும் செங்குத்துக்கோடு, அதே நீளத்தை ஆரமாக வைத்து வட்டம், வெட்டும் புள்ளிகளைச் சேர்த்தால் சதுரம். இப்போது மூலையை இழுத்தால் பெரிதாகும், சின்னதாகும், சுழலும். சதுரமாகவே இருக்கும். "முதலாவது ஏன் உடைந்தது, இது ஏன் உடையவில்லை?" இந்தக் கேள்விக்கு வரும் பதில்களைக் கேட்க வேண்டும். "இதுல நீளம் கட்டிப்போட்டு இருக்கு டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். "மூலை நேரா நிக்கணும்னு சொல்லி வச்சிருக்கோம்" என்று இன்னொன்று. சதுரத்தின் இலக்கணத்தை அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். அதைக் கரும்பலகையில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, பக்கத்தில் பாடநூல் வார்த்தையை எழுதுவேன். சாக்பீஸ் ஐயா கவனிக்க, திரையும் பலகையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்துக்கும் இதே முறைதான். குறுங்கோண முக்கோணத்தில் மையம் உள்ளே இருக்கும். உச்சியை மெல்ல நகர்த்தி செங்கோணம் வரும்போது மையம் கர்ணத்தின் நடுவில் வந்து உட்காரும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் நகர்த்தினால் எங்கே போகும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

காத்திருப்பது பற்றி ஒன்று. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டார். 3 வினாடியாவது பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, அதிகம் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். கையில் மவுஸ் இருக்கும்போது அந்த ஒரு வினாடிகூட இருக்காது, விரல் தானாக இழுத்துவிடும். அதனால்தான் கையை எடுக்கச் சொல்கிறேன். நீங்கள் வேடிக்கை பற்றிக் கேட்டதற்கு என் பதில் இது: எதையும் அசைக்குமுன் பிள்ளை நோட்டில் ஒரு முடிவு எழுதியிருக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச்:

நான் புரொஜெக்டர் மாட்டும் ஆள் மாதிரிதான் எங்கள் பள்ளியில். அந்த வகையில் சில விஷயம்.

வகுப்புக்கு முன்னாடியே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் ஸ்லைடைப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் அருமையாகத் தெரியும் வெளிர் மஞ்சளும் இளம்பச்சையும் ஜன்னல் வெளிச்சத்தில் காணாமல் போகும். இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டியில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்று நிற வேறுபாடு கேட்கிறார்கள். வகுப்பறைக்கு அதைவிடக் கூடுதலாகவே வையுங்கள். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், டிக்கும் பெருக்கல் குறியும் போடுங்கள். பச்சை சிவப்பு பிரித்தறிய முடியாத பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்க வாய்ப்பு உண்டு, பல சமயம் அதுக்கே அது தெரியாது.

பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் பி எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் வந்துவிடும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அதைத் தட்டுங்கள். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, ஆனால் நான் பார்த்ததிலேயே அதிகம் உதவும் ஒற்றைப் பொத்தான் அதுதான்.

நோட்டிபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுச் செய்தி திரையில் வரக்கூடாது.

எழுத்தாணி:

கணக்கும் அறிவியலுமாகவே போய்க்கொண்டிருக்கிறது, மொழி ஆசிரியர் சார்பில் ஒரு பதிவு.

எனக்கு அதிகம் உதவுவது க்விஸ் செயலி எதுவும் கிடையாது, பகிர்ந்து எழுதும் ஆவணத்தில் இருக்கும் திருத்த வரலாறுதான். ஒரு பிள்ளை கட்டுரையின் முதல் வரியை எழுதி, அழித்து, வேறு விதமாக எழுதி, மறுபடி பழையதற்கே போயிருப்பதை அதில் பார்க்கலாம். முடிந்த கட்டுரைக்கு மதிப்பெண் போட்டுப் பழகியவர்களுக்கு, எழுதும் வழியைப் பார்ப்பது புது அனுபவம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து "இந்த வரியை ஏன் மாத்தினே?" என்று கேட்டுப் பாருங்கள், அழகாக விளக்கும்.

வகுப்புவாசலுக்குச் சொல்ல வேண்டிய நடைமுறை விஷயம்: தமிழில் வினாத்தாளோ ஸ்லைடோ தயாரித்தால் யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகவும் ஆங்கிலக் குப்பையாகவும்தான் வரும். வகுப்பு தொடங்கும் நேரத்தில் அதைச் சரிசெய்ய முடியாது. பென் டிரைவில் பிடிஎப் ஆகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே சத்தமாக வாசிக்காதீர்கள். படத்தைக் காட்டி, வாயால் விளக்கி, அதே சொற்களைத் திரையிலும் போட்டால் புரிதல் குறைகிறது என்று ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. கண் வாசிப்பதிலும் படத்திலும் மாறி மாறி ஓடிக் களைத்துவிடும். படம் திரையில் இருக்கட்டும், சொல் உங்கள் வாயில் இருக்கட்டும்.

நிரல்நேசன்:

எல்லோரும் "ஒன்றைப் பிடித்துக்கொள்" என்கிறீர்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பயிற்சிக் காலம்தான் ஒருவர் ஆற அமர எதையும் தொட்டுப் பார்க்கக் கூடிய காலம். வேலைக்குச் சேர்ந்தபின் விடைத்தாள், பதிவேடு, கூட்டம் என்று நேரமே இருக்காது. இப்போது பத்தைத் திறந்து பார்த்தால்தான் எட்டு ஒரே மாதிரி என்பது புரியும். கஹூட், மென்டிமீட்டர், ப்ளிக்கர்ஸ் மூன்றும் அடிப்படையில் விடை வாங்கும் கருவிகள். பேட்லெட்டும் பகிர்ந்த ஆவணமும் எல்லோரும் சேர்ந்து எழுதும் இடம். ஜியோஜீப்ராவும் ஃபெட்டும் அசைத்துப் பார்க்கும் இடம். இந்த வகை பிரித்தல் மனதில் வந்துவிட்டால் நாளைக்கு ஒரு நிறுவனம் கடையை மூடினாலும், இலவசமாகத் தந்ததைக் காசுக்கு மாற்றினாலும் பதற மாட்டீர்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம்தான் கற்க வேண்டும்" என்பதையும் நம்பாதீர்கள். 2018-இல் பல நாடுகளில் எட்டாம் வகுப்பு நிலையில் நடத்திய ஐசிஐஎல்எஸ் என்ற கணினி, தகவல் திறன் ஆய்வில் கணினித் திறனின் மேல்நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம்தான். விரல் வேகமாக ஓடும். கோப்பை எங்கே சேமித்தோம், ஒரு தகவலை யார் எதற்காக எழுதினார்கள் என்பதெல்லாம் சொல்லித் தந்தால்தான் வரும்.

சாக்பீஸ்:

நிரல்நேசன், வகை பிரித்துச் சொன்னது தெளிவாக இருக்கிறது. அதைத்தான் பயிற்சித் தாளில் முதல் பாடமாக வைத்திருக்க வேண்டும். பத்தையும் தொடட்டும், தவறில்லை. ஆனால் வகுப்புக்குள் கொண்டுபோவது ஒன்றாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் ஒரு கருவியின் நடைமுறை பழக வேண்டும். முதல் தடவை அட்டையைப் பிடிக்கவே பாதி நேரம் போகும், நாலாவது தடவை சொல்லாமலே தூக்குவார்கள். அப்போதுதான் கேள்விக்கு நேரம் கிடைக்கும்.

கஹூட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேகமாகச் சொன்னால் கூடுதல் புள்ளி என்ற ஏற்பாடு கணக்கு வகுப்புக்கு ஆகாது. நிதானமாக யோசிக்கும் பிள்ளை இரண்டே கேள்வியில் மனம் விட்டுவிடும்.

கடைசிபெஞ்ச்:

ஐயா, அதில் நேரத்தை நீட்டவும் புள்ளியே இல்லாமல் வைக்கவும் வழி இருக்கிறது. கேள்வி தயாரிக்கும் இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை.

கவனகம்:

யாரும் தொடாத ஒன்று. எந்தச் சேவையாக இருந்தாலும் பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, போட்டோ எதையும் ஏற்றாதீர்கள். ப்ளிக்கர்ஸில் வருகை எண்ணோ முதல் எழுத்தோ போதும், யார் என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். பல சேவைகள் 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தாங்களாகக் கணக்கு தொடங்க விடுவதில்லை. அது 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தால் ஏற்பட்ட எல்லை. ஒவ்வொரு நாட்டிலும் வேறு வயதும் இருக்கலாம். பிள்ளையைப் பொய் வயது போடச் சொல்லிக் கணக்கு தொடங்க வைப்பது கூடவே கூடாது. பயிற்சியில் இருப்பவர் என்பதால் வழிகாட்டி ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விடைகளைத் திரையில் காட்டும்போதும் யார் பெயருக்கு நேரே சிவப்பு என்று காட்ட வேண்டாம். எத்தனை பேர் எந்த விடை என்று காட்டும் பட்டை வரைபடம் போதும்.

அலைநீளம்:

நெட் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஃபெட்டின் புதிய பாவனைகளை ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே உலாவியில் ஓடும். ஜியோஜீப்ராவையும் லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளலாம். நெட் கட்டாயம் தேவைப்படும் எதற்கும் ஒரு காகித மாற்று வைத்திருங்கள். வாக்கு வாங்குவதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நெஞ்சருகே வைத்துக் காட்டச் சொன்னாலே போதும். லாஸ்ரியின் முடிவு உங்களுக்கு அங்கே கை கொடுக்கும்.

இன்னொன்று, 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கேள்வி தயாரிக்க அதைக் கேட்கும் பழக்கம் பரவிவிட்டது. முதல் வரைவுக்கு உதவும். ஆனால் அது தரும் தவறான விடைகள் பல நேரம் சும்மா தவறாகத்தான் இருக்கும், எந்தப் பிள்ளையும் அப்படி யோசிக்காது. டீச்சர் சொன்ன 0.4, 0.57, 0.125 மாதிரி ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இதுவரை வந்த பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களை உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தவறான விடைகளுக்கு அதைவிட நல்ல சுரங்கம் கிடையாது.

வகுப்புவாசல்:

எல்லோர் பதிவையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். தசம எண்களை ஒப்பிடுதல் பாடத்துக்கு ஒரு பாடக்குறிப்பு போட்டிருக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

முதலில் கேள்வி: 0.4, 0.57, 0.125 இவற்றில் பெரியது எது? தனியாக யோசித்து அட்டையைத் தூக்க வேண்டும். விடைப் பட்டையை நான் மட்டும் பார்ப்பேன், திரை கறுப்பாக இருக்கும். பக்கத்துப் பிள்ளையோடு பேசச் சொல்லி, அதே கேள்விக்கு மறுபடி வாக்கு.

பிறகு ஜியோஜீப்ராவில் எண்கோடு. 0-க்கும் 1-க்கும் நடுவில் 0.57 எங்கே வரும் என்று நோட்டில் குறிக்க வேண்டும். எல்லோரும் குறித்தபின் 0.5-க்கும் 0.6-க்கும் நடுவே பெரிதாக்கிக் காட்டுவேன். பெரிதாக்க ஆக்கப் புதுக் கோடுகள் பிறப்பதைப் பார்ப்பார்கள். அங்கே நிறுத்தி, 0.125 எந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் வரும் என்று கேட்பேன். கரும்பலகையில் பத்தில், நூறில், ஆயிரத்தில் என்று இடமதிப்புக் கட்டம் போட்டு மூன்று எண்களையும் எழுதுவேன்.

கடைசியாகச் சரிபார்க்க: 0.3, 0.28, 0.216 இவற்றில் பெரியது எது?

நெட் இல்லையென்றால் விரல் வாக்கு. ஜியோஜீப்ரா லேப்டாப்பிலேயே இருக்கிறது.

வீட்டில் வெறும் அறையில் ஒருமுறை நடத்திப் பார்த்து, போனில் வீடியோ எடுத்து, எங்கெல்லாம் காத்திருக்கிறேன் என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இருசமபக்கம்:

எண்கோட்டைப் பெரிதாக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதைக் காகிதத்தில் செய்யவே முடியாது, கருவி சரியான இடத்தில் வந்திருக்கிறது. வீடியோ எடுத்துப் பார்ப்பதும் நல்ல யோசனை. 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் நுண்நிலைக் கற்பித்தலை, அதாவது சின்னக் குழுவுக்குக் குட்டிப் பாடம் நடத்திப் பழகுவதை, தொடங்கியபோதே வீடியோ பதிவை அப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். 0.3, 0.28, 0.216. இலக்கம் குறைந்ததே பெரியது என்று நம்பும் பிள்ளை 0.3 என்று சரியாகச் சொல்லிவிடும்.

அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: "0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் எத்தனை எண்கள் உண்டு?" ஒன்றும் இல்லை, ஒன்று, ஒன்பது, எண்ணி முடியாது என்று நான்கு விடை. 6-க்கு அடுத்து 7 என்று பார்க்கும் பிள்ளை ஒன்றும் இல்லை என்கும். நடுவில் 0.65 என்று மட்டும் தெரிந்த பிள்ளை ஒன்று என்கும். 0.61-இலிருந்து 0.69 வரை எண்ணிய பிள்ளை ஒன்பது என்கும். நீங்கள் எண்கோட்டைப் பெரிதாக்கிக் காட்டியதை உள்வாங்கிய பிள்ளைதான் எண்ணி முடியாது என்று சொல்லும்.

அலைநீளம்:

முதல் வாக்குக்கும் இரண்டாம் வாக்குக்கும் நடுவில் திரையைக் கறுப்பாக வைப்பது மிகச் சரி. பெரும்பான்மை எது என்று பார்த்துவிட்டால் வாதாடாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

பேசியபின் எண்ணிக்கை கூடியது புரிந்ததாலா, கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதை அப்படியே போட்டதாலா என்ற சந்தேகம் வரும். 2009-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வில் அதைத்தான் சோதித்தார்கள். பேசி முடித்தபின், அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இன்னொரு கேள்வியைத் தனியாகப் போடச் சொன்னார்கள். அதிலும் நன்றாகவே செய்தார்கள். டீச்சர் சொன்ன 0.6, 0.7 கேள்வியைத் தவிர, எண்ணை மட்டும் மாற்றி 0.6, 0.83, 0.274 என்று ஒன்றையும் கையில் வைத்திருங்கள். இரண்டாம் வாக்கு முடிந்த உடனே, யாரும் யாரோடும் பேசாமல்.

முதல் வாக்கில் சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பேச விடாதீர்கள், நேராக எண்கோட்டுக்குப் போய்விடுங்கள். அந்த முடிவை வகுப்பில் யோசிக்க முடியாது, பாடக்குறிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்புவாசல்:

கடைசிக் கேள்வியை மாற்றிவிட்டேன், 30 சதவீதக் குறிப்பையும் சேர்த்துவிட்டேன். அட்டைகளை இன்று அச்செடுக்கப் போகிறேன். லேமினேஷன் செய்யலாமா? பிள்ளைகள் கையில் கசங்கிவிடுமே.

கடைசிபெஞ்ச்:

பளபள லேமினேஷன் வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டுத் திருப்பி அடிக்கும், கேமராவுக்கு அட்டை தெரியாது. மங்கல் வகை கிடைத்தால் செய்யுங்கள், இல்லையென்றால் தடித்த அட்டையில் அச்செடுத்தால் போதும். கறுப்புப் பகுதியை விரலால் மூடாமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள். ஜன்னல் பக்க வரிசையை முதலில் ஸ்கேன் செய்து பாருங்கள், அங்கே படித்துவிட்டால் மற்ற இடத்தில் பிரச்சினை இருக்காது.